வேலையற்றவன் பொழுது யாருக்குரியது?

வேலையின்றி வீட்டிலிருக்கும் இளைஞன் ஒருவனைக் குறித்து நம்மிடையே இருவகைப் பேச்சுகள் வழங்குகின்றன. "பொழுதை வீணாக்குகிறான்" என்பது ஒன்று. "அவனுக்கென்ன, நேரம் நிறையக் கிடக்கிறது" என்பது மற்றொன்று. முன்னது குற்றச்சாட்டு, பின்னது ஏறத்தாழப் பொறாமை. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையாக இருப்பது ஒரே எண்ணந்தான். வேலையில்லாதவனிடம் நேரம் என்னும் செல்வம் மிகுந்து கிடக்கிறது. அதை நல்வழியில் செலவிட்டால் அவன் நல்லவன், செலவிடாவிட்டால் சோம்பேறி என்பதே அந்த எண்ணம். அது உண்மைதானா என்று சிறிது ஆராய விரும்புகிறோம். ஒருவனைச் சோம்பேறியென்று தீர்ப்பளிப்பது எளிய செயலன்று. அத்தீர்ப்பு பிழையாயின், ஏற்கெனவே சுமை தாங்கி நிற்பவன் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றிய பாவம் நம்மைச் சேரும்.

ஓய்வு வேறு, வேலையின்மை வேறு என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கடையில் வேலை பார்ப்பவனுக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் கிடைக்கும் இரண்டு மணி நேரம் இனிக்கிறது. ஏன்? அதற்கு முன்னும் வேலை இருந்தது. அதற்குப் பின்னும் வேலை இருக்கிறது. இருபுறமும் கரை இருப்பதால் நடுவே ஓடுவது ஆறாகிறது. வேலையற்றவனுக்கோ இருபுறமும் கரையில்லை. காலை எப்போது முடிந்தது, மாலை எப்போது தொடங்கியது என்று சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அவனுக்கு நேரம் மிகுதியாகக் கிடைத்துவிட்டது என்கிறோம். உண்மையில் நேரத்துக்கு வடிவம் தந்த ஒன்று அவனிடமிருந்து போய்விட்டது.

இது வெறும் கற்பனை வாதமன்று. வேலையில்லாதோரின் பொழுதை மிக நுணுக்கமாக ஆராய்ந்து எழுதப்பட்ட நூலொன்று உண்டு. அது தோன்றிய இடம் நமக்குத் தொலைவானது. எனினும் அது காட்டும் உண்மை எந்த ஊருக்கும் பொருந்துவது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்னும் ஆலைக் குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்த 478 குடும்பங்களும் ஒரேயொரு நெசவாலையை நம்பியிருந்தன. 1929இல் தொடங்கிய கதவடைப்பு 1930இல் நிறைவுற்றது. ஊர் முழுவதும் வேலையிழந்தது. 1931ஆம் ஆண்டின் இறுதியில் மரீ யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் அவ்வூருக்குச் சென்றனர். மக்களின் உணவு, உடை, செலவு, உரையாடல், நடை ஆகிய அனைத்தையும் கவனித்து எழுதினர். அந்நூல் 1933இல் வெளிவந்தது.

அவர்கள் கண்டவற்றுள் நம்மைச் சிந்திக்க வைப்பது நூலகச் செய்தி. ஆலை இயங்கிய காலத்தில் அத்தொழிலாளர்கள் நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் நூலகத்துக்கு வந்து புத்தகம் எடுத்துச் சென்றார்கள். ஆலை மூடியபின் புத்தகம் எடுப்பதற்குக் கட்டணமும் இல்லை. படிப்பதற்கோ நாள் முழுவதும் நேரமுண்டு. ஆகவே நூலகம் நிரம்பி வழிந்திருக்க வேண்டுமல்லவா? நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. 1929க்கும் 1931க்கும் இடையில், எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோயிற்று. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமும் குறைந்தது. சிறிது தூரத்துக்குள் பலமுறை நின்று நின்று நடந்தார்கள். பெரும்பாலோர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ எடுத்துச் செல்வதையே விட்டுவிட்டனர். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, எழுதுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உழைத்தபோது படிக்க நேரம் கண்டவர்கள், உழைப்பு நின்றதும் அதே நேரத்தை இழந்ததேன்? அவர்கள் ஒரே ஆண்டில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? ஓர் ஊரே ஒன்றாகச் சோம்பேறியாக முடியுமா? முடியாது. வேலை என்பது கூலியை மட்டும் தரவில்லை என்று மரீ யஹோடா பிற்காலத்தில் விளக்கினார். அது நாளுக்கு ஒழுங்கைத் தருகிறது. குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பைத் தருகிறது. பலரோடு சேர்ந்து ஒரு பயனுக்காக உழைக்கும் நிறைவைத் தருகிறது. சமூகத்தில் ஓர் இடத்தைத் தருகிறது. இயங்கிக்கொண்டேயிருக்கும் கட்டாயத்தைத் தருகிறது. கூலி நின்றபோது இவ்வைந்தும் உடன் நின்றன.

அவ்வூர்ப் பெண்கள் ஆண்களைப்போல் நேரத்தை இழந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆலையில் அவர்களுக்கிருந்த வேலையும் போயிற்று. ஆயினும் அடுப்பு அவர்களை எதிர்பார்த்தது. பள்ளிவிட்டு வரும் குழந்தை எதிர்பார்த்தது. கிழிந்த சட்டை எதிர்பார்த்தது. ஆகவே அவர்கள் தெருவில் ஆண்களைவிட விரைந்து நடந்தார்கள். இதிலிருந்து நாம் பெறும் முடிவு இதுதான்: ஒரு மனிதனுடைய பொழுதைக் காப்பாற்றுவது அவனுடைய மனவுறுதி மட்டுமன்று. குறித்த நேரத்தில் தன்னை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் உண்டு என்னும் நினைவே அதைக் காப்பாற்றுகிறது.

இதற்கு மறுப்புரைப்போர் இருக்கக்கூடும். "பதவியும் வேலையும் இல்லாத காலத்தில் பெருஞ்சாதனை புரிந்தோர் இல்லையா? இப்னு கல்தூனைப் பாருங்கள்" என்று அவர்கள் சொல்லலாம். உண்மையே. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்து, பல அரசவைகளில் பணிபுரிந்து களைத்த அப்பேரறிஞர் 1375இல் அரசியலைத் துறந்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் ஒதுங்கினார். அங்கிருந்த ஆண்டுகளில், 1377ஆம் ஆண்டு, ஐந்தே திங்களில் 'முகத்திமா'வின் முதற்படியை எழுதி முடித்தார். வேலையற்ற இளைஞனிடம் எடுத்துக்காட்டத் தக்க வரலாறுதான். ஆனால் முழுமையாக எடுத்துக்காட்ட வேண்டும். அவர் பதவியைத் தாமே உதறினார். எவரும் அவரை வாயிலுக்கு வெளியே தள்ளவில்லை. அப்பகுதிக் குலத்தார் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் புகலிடமளித்துக் காத்தனர். நாளைய உணவுக்கு என்ன வழி என்னும் கவலையை அவர் தலைமேல் வைக்கவில்லை. மேலும் எழுதுவதற்கு நூல்கள் தேவைப்பட்டபோது 1378இல் அவர் தூனிஸ் நகருக்கே திரும்பினார். தனிமையிலும் அவரைத் தாங்கப் பலர் இருந்தனர். தாங்குவோரை மறைத்துவிட்டுச் சாதனையை மட்டும் காட்டி இளைஞனை வெட்கப்படுத்துவது நேர்மையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொழுதை நன்கு பயன்படுத்தினானா என்பதை, வேலை கிடைத்ததா என்பதைக்கொண்டு நாம் அளக்கிறோம். இது கணக்கிற்கே பொருந்தாது. 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 7,301 இடங்களுக்கெனத் தொகுதி நான்கு தேர்வை அறிவித்தது. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். பின்னர் இடங்கள் பத்தாயிரத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டன. அப்படியும் இருநூறு பேருக்கு ஓரிடமென்பதே கணக்கு. அத்தனை பேரும் ஒருநொடியும் வீணாக்காமல் படித்திருந்தாலும் இடங்கள் கூடியிரா. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பர். திரும்பியவனைப் பார்த்து, "நீ ஒழுங்காகப் படித்திருந்தால் கிடைத்திருக்கும்" என்று சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வருகிறது?

அப்படியாயின், வேலையற்றவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பில் பிறருக்கும் பங்குண்டு. அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் அறிவிக்கப்படும் கோடரி நிகழ்ச்சியை நம் வீடுகளில் அறியாதோர் இலர். உதவி கேட்டு வந்த ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே இருந்தன. அவை இரண்டு திர்ஹத்துக்கு ஏலம்போயின. யாசகம் கேட்கலாகாது, உழைத்துண்ண வேண்டும் என்பதற்கே இந்நிகழ்ச்சி மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. அது சரியே. எனினும் நிகழ்ச்சியை இன்னொருமுறை நிதானமாகப் பாருங்கள். முதல் திர்ஹம் கோடரிக்குப் போகவில்லை; குடும்பத்தின் உணவுக்குப் போயிற்று. இரண்டாவது திர்ஹமே கோடரியாயிற்று. அக்கோடரிக்குக் காம்பு மாட்டியவை பெருமானாரின் திருக்கரங்கள். விறகு வெட்டி விற்குமாறு பணித்து, பதினைந்து நாள் கழித்தே வரவேண்டும் என்று தவணையும் குறித்தார்கள். அவர் பத்துத் திர்ஹத்தோடு திரும்பி வந்தார்.

அந்த மனிதருக்குக் கிடைத்தவை எவை? வயிற்றுக்கு அமைதி, கைக்குக் கருவி, அக்கருவியைச் செப்பனிட்ட இன்னொருவர் கை, திரும்பி வந்து கணக்குச் சொல்ல ஒரு நாள். "போய் உழை" என்னும் சொல் இவை நான்குக்கும் பிறகே வந்தது. நாமோ நான்கையும் விட்டுவிட்டு, அறிவுரையை மட்டும் கையிலெடுத்துக்கொள்கிறோம்.

இனி, வேலை தேடுபவன் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வேலை தேடுவதும் ஒரு வேலையே என்று அவன் முதலில் ஏற்க வேண்டும். வேலையெனில் அதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம், யாரைக் கண்டோம், மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறக்கூடாது. வெளிநாட்டு வேலையாயின், முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரித்தறிய வேண்டும். கடவுச்சீட்டை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது தேடுதலாகாது. அந்த மூன்று மணி நேரம் முடிந்தபின் தேடுதலை மூடிவைத்துவிட வேண்டும். நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருப்பவன் தேடவுமில்லை, ஓயவுமில்லை, தேய்கிறான்.

அடுத்தது கற்றல். அதையும் தனியே கற்பதைவிடப் பலரோடு கற்பது நன்று. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றிப் பயிற்சி தருகின்றன. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப்பகுதி உண்டு. அங்கே தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் பெண்களும் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம். மரியன்தாலில் வெறிச்சோடிய நூலகம் இங்கே நிரம்புவதேன்? இவர்கள்முன் ஒரு தேர்வு நாள் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் நேற்றுப் பார்த்த முகம் இருக்கிறது. கரை இருக்கிறது, ஆகவே ஆறும் ஓடுகிறது.

மூன்றாவது, பிறருக்குப் பயன்படும் ஒரு பணி; சிறிதாயினும் குறித்த நேரத்தில் செய்வது. தெருப்பிள்ளைகள் நால்வருக்குக் கணக்குச் சொல்லித் தருவதாகலாம். பார்வை மங்கிய பெரியவர் ஒருவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவதாகலாம். ஜமாஅத்தின் வரவு செலவைக் கணினியில் ஏற்றித் தருவதாகலாம். இதற்குக் கூலி வராமலிருக்கலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்கு நான்கு பிள்ளைகள் தன்னை எதிர்பார்ப்பார்கள் என்றறிந்தவன் நான்கரைக்கு முகம் கழுவுவான். நம் வீடுகளில் நாளுக்கு ஏற்கெனவே ஐந்து தூண்கள் நடப்பட்டுள்ளன. "லுஹருக்குப் பிறகு வா", "அஸருக்கு முன்னால் முடித்துவிடு" என்றே நம் தாய்மார்கள் நேரம் சொல்கிறார்கள். தொழுகையின் முதற்பயன் வேறு, அது வழிபாடு. ஆயினும், வேலை போனவனின் நாளிலும் இந்த ஐந்து தூண்கள் சாயாமல் நிற்கின்றன என்பது சிறிய ஆறுதலன்று. அவற்றுக்கிடையே கற்றலையும் தேடுதலையும் பணியையும் கட்டிவிடலாம்.

இளைஞரைப் பற்றியே பேசிவந்தோம். இன்னொரு சாராரும் உளர். இருபது இருபத்தைந்து ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள். 2011இல் சவூதி அரேபியா உள்நாட்டவர்க்கு வேலை ஒதுக்கும் நிதாகத் முறையைக் கொண்டுவந்தபின் திரும்பியோர் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் வேலை இழந்து திரும்பியோர் உண்டு. விடுமுறையில் வந்தபோது இவர்கள் வீட்டில் விருந்தாளிகள். ஒவ்வொரு நாளும் எண்ணி எண்ணிச் செலவாயிற்று. இப்போது அதே வீடு, அதே நாற்காலி; ஆனால் திரும்பும் தேதி இல்லை. திருமண வீட்டிலும் பள்ளிவாசல் வாயிலிலும், "மச்சான், மறுபடி சபர் எப்போது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் பேச்சுக்குக் கேட்கிறார். கேட்கப்பட்டவர் அடுத்த வாரம் அந்தத் திருமணத்துக்குப் போவதையே தவிர்க்கிறார். கொதிகலன், குளிர்சாதனம், கிடங்குக் கணக்கு, மின்னிணைப்பு என்று இவர்கள் கைகளில் எத்தனை தொழில்கள் இருக்கின்றன! ஊரில் பத்து இளைஞரை அவரிடம் அனுப்பினால் இரண்டு தலைமுறையின் பொழுது ஒருங்கே பயன்பெறும். "எப்போது போகிறீர்கள்?" என்று கேட்பதைவிட, "இந்தத் தொழிலை என் மகனுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்பது எவ்வளவு மேல்!

நம் பெண்மக்களின் நிலை இதற்கு எதிரானது. பட்டம் பெற்று வேலை தேடும் மகனுக்குப் பொழுது காலியாகிறதென்றால், பட்டம் பெற்று வேலை தேடும் மகளுக்குப் பொழுது கிடைப்பதேயில்லை. "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே சமையல், துவையல், தம்பியின் பாடம், பாட்டியின் மருந்து ஆகிய யாவற்றையும் அவள்மேல் ஏற்றுகிறோம். தேர்வில் அவள் பின்தங்கினால் அதற்கும் அவளையே குறை சொல்கிறோம். எதிர்பார்ப்பவர் ஒருவருமில்லாத பொழுது மகனை வாட்டுகிறது. எல்லாரும் எதிர்பார்க்கும் பொழுது மகளை வாட்டுகிறது. வீட்டு வேலையில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்து, படிக்க மூன்று மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தால் இருவருக்கும் நீதி செய்தவர்களாவோம். இதற்கு அரசு ஆணை வேண்டியதில்லை. வாப்பாவும் உம்மாவும் மனம் வைத்தால் போதும்.

குடும்பத்தின் கடமை அறிவுரையோடு முடிந்துவிடுவதில்லை என்பதே நாம் சொல்ல வருவது. வேலை தேடும் பிள்ளையின் கைச்செலவை, அவன் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து கேட்கும்படி விடாமல், மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம். அவன் படிக்கும் நேரத்தில் கடைக்கு அனுப்பாமலிருக்கலாம். வேலை சொன்னால் நேரம் குறித்துச் சொல்லலாம். "கிடைத்ததா?" என்று நாள்தோறும் கேட்பதை நிறுத்திவிட்டு, "இன்று என்ன கற்றாய்?" என்று வாரம் ஒருமுறை அருகிலமர்ந்து கேட்கலாம். முதல் கேள்விக்கு விடை அவன் கையில் இல்லை; இரண்டாவதற்கு உண்டு. மஹல்லாவின் பெரியோர் தம் ஊரில் வேலை தேடுவோர் எத்தனை பேர், யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு பட்டியலாவது எழுதிவைக்கலாம். பட்டியலில் பெயரிருப்பதே ஒருவனுக்கு, ஊர் தன்னை மறக்கவில்லை என்னும் செய்தியாகும்.

வேலையற்றவனின் பொழுது அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனைச் சூழ்ந்திருக்கும் நம் அனைவருக்கும் அதில் பங்குண்டு. ஆகவே அது வீணாகும்போது பழியிலும் நமக்குப் பங்குண்டு. அவன் தேடட்டும், கற்கட்டும், நாளில் ஒரு மணியேனும் பிறருக்கு ஈயட்டும். அது அவன் கடன். அவனுடைய கோடரிக்குக் காம்பு மாட்டித் தருவதும், அவன் திரும்பிவரும் நாளை எண்ணிக் காத்திருப்பதும் நம் கடன்.